சட்டம் காக்கும் ஊருக்குக் கடலால் ஆபத்து: ஸ்காரா பிரே பற்றி ஒரு விளக்கம்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் 5,000 ஆண்டு பழமையான ஒரு கற்கால ஊர் இருக்கிறது. பெயர் ஸ்காரா பிரே. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, அரசே நேரடியாகப் பராமரிக்கிறது. ஆனாலும் பெரிய புயல் வரும்போதெல்லாம் "ஸ்காரா பிரேவுக்கு ஆபத்து" என்று செய்தி வருகிறது. இத்தனை பாதுகாப்பு இருந்தும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று குழம்புவது இயல்பு. சட்டம் யாரிடமிருந்து காக்கிறது, அந்த ஊர் இதுவரை எதனால் பிழைத்தது, கடல் ஏன் இவ்வளவு கிட்ட வந்தது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் இடம்

ஆர்க்னி என்பது சுமார் 70 தீவுகளின் கூட்டம். அவற்றில் இருபது சொச்சம் தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். மொத்த மக்கள்தொகை 22,000 அளவில். ஸ்காட்லாந்தின் வடமுனைக்கும் இந்தத் தீவுகளுக்கும் நடுவே பென்ட்லண்ட் நீரிணை என்ற முரட்டு நீரோட்டம் ஓடுகிறது. தீவுகளில் பெரியதற்கு மெயின்லண்ட் என்று பெயர். அதன் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலை நேராகப் பார்த்தபடி ஸ்கைல் விரிகுடா இருக்கிறது. அதன் தென்கரையில், அலை வந்து மோதும் தூரத்தில் ஸ்காரா பிரே.

ஊரின் காலம் தோராயமாகக் கி.மு. 3100 முதல் 2500 வரை. அதாவது எகிப்தில் கீசா பிரமிடு எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே குடும்பங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன. உலோகம் இல்லாத, ஆனால் விவசாயமும் கால்நடையும் மண்பாண்டமும் வந்துவிட்ட இந்தக் காலத்தைப் புதிய கற்காலம் என்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

இன்று கண்ணுக்குத் தெரிவது எட்டு வீடுகள். கல் மூடிய குறுகலான நடைவழி ஒன்று அவற்றில் பெரும்பாலானவற்றை இணைக்கிறது. ஒரு வீட்டைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. அவ்வளவு ஒழுங்கான அமைப்பு.

குனிந்து நுழைய வேண்டிய தாழ்வான வாசல். கதவுக்குக் கல் பலகை. அதை உள்ளிருந்து தாழிட, வாசலின் இரு பக்கமும் கட்டை செருகும் துளைகள். உள்ளே ஒரே அறை, சுமார் 40 சதுர மீட்டர். நடுவில் கல் விளிம்பு கட்டிய சதுர அடுப்பு. இரு பக்கமும் கல் பலகைகளை நிறுத்தி அமைத்த பெட்டிக் கட்டில்கள். வலப்பக்கத்துக் கட்டில் பெரும்பாலும் பெரியது. வைக்கோலோ புதரோ தோலோ பரப்பி அதில் படுத்திருப்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டுக் கல் அலமாரி. உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படும் இடம் அதுதான். வீட்டின் மதிப்பான பொருள்களை அங்கே வைத்திருப்பார்கள் என்பது பொதுவான கருத்து. தரையில் பதித்த சிறு கல் தொட்டிகளின் இணைப்புகளை நீர் கசியாதபடி களிமண்ணால் பூசியிருக்கிறார்கள். தூண்டில் இரைக்கான சிப்பிகளை அதில் உயிரோடு வைத்திருந்திருக்கலாம். சுவருக்குள் குடைந்த சிற்றறைகளும் உண்டு. சிலவற்றின் அடியில் வடிகால் போகிறது. அவை கழிப்பறைகளாக இருக்கலாம் என்கிறார்கள்.

அடுப்பு, கட்டில், அலமாரி என்று கற்கால வீட்டின் சாமான்களை இப்படி இருந்த இடத்திலேயே பார்க்கக் கிடைப்பது மிக அபூர்வம். இதற்கு இரண்டு காரணங்கள். ஆர்க்னியில் அந்தக் காலத்திலேயே மரம் அரிதாகிவிட்டது. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகள்தான் பெரிய மரம். கல்லுக்கோ பஞ்சமே இல்லை. அங்குள்ள மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. ஆப்பு வைத்துத் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். மற்ற ஊர்க்காரர்கள் மரத்தில் செய்ததை இவர்கள் கல்லில் செய்தார்கள். மரம் மக்கிப் போனது, கல் நின்றது. இதே கல்தான் இன்றைய சிக்கலுக்கும் ஒரு காரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

எல்லா வீடும் ஒரே அச்சில் இருந்தாலும் இரண்டு வீடுகள் விதிவிலக்கு. எட்டாம் எண் வீட்டில் கட்டிலும் இல்லை, அலமாரியும் இல்லை. கற்கருவி செய்த சில்லுகள்தான் நிறையக் கிடைத்தன. அது பட்டறையாக இருந்திருக்கும். ஏழாம் எண் வீடு கொஞ்சம் மர்மமானது. மற்ற வீடுகளிலிருந்து ஒதுங்கி நிற்கிறது, கதவை வெளியிலிருந்துதான் தாழிட முடியும், சுவருக்கு அடியில் இரண்டு பெண்களைப் புதைத்திருக்கிறார்கள். ஏன் என்பதற்கு இதுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட விளக்கம் கிடையாது.

5,000 ஆண்டு எப்படித் தாங்கியது?

இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலைச் சார்ந்தது.

1. குப்பைமேடு. சாம்பல், சிப்பி ஓடு, எலும்பு, சாணம், அழுகிய தாவரம் எல்லாம் சேர்ந்து இறுகிய மேட்டுக்குள் இந்த வீடுகளைப் புதைத்த மாதிரிக் கட்டினார்கள். சுவர்களை வெளியிலிருந்து தாங்கியது அந்த மேடு. குளிரையும் காற்றையும் தடுத்ததும் அதுவே. ஊர் தன் கழிவையே போர்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தது.

2. மணல். மக்கள் போன பிறகு காற்று கொண்டுவந்த மணல் வீடுகளை மூடியது. வெயில், மழை, உறைபனி, ஆடுமாடு, கல் எடுக்க வரும் மனிதர் என்று எதுவுமே கிட்ட நெருங்கவில்லை. சிப்பித் தூள் கலந்த அந்த மணலில் எலும்பும் கெடாமல் இருந்தது. எலும்பு ஊசிகளும் மணிகளும் இவ்வளவு கிடைத்தது அதனால்தான்.

3. தூரம். மக்கள் வாழ்ந்த காலத்தில் கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடும் நிலமும் இருந்தன. விரிகுடா பிற்பாடு அரிக்கப்பட்டு உருவானது.

ஊரைக் காத்த மூன்றும் இவைதான். இன்றைய நிலையில் மணல் அகற்றப்பட்டுவிட்டது, தூரம் போய்விட்டது, குப்பைமேட்டில் ஒரு பகுதி மட்டும் மிச்சம்.

மணல் எப்படி விலகியது

1850-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பெரும்புயல் மேட்டின் புல்லைப் பிய்த்து எறிந்தது. கல் சுவர்கள் வெளியே தெரிந்தன. அந்த நிலத்தின் உரிமையாளர் வில்லியம் வாட், பக்கத்திலேயே ஸ்கைல் மாளிகையில் இருந்தவர். அவர் தோண்ட ஆரம்பித்தார். 1868-க்குள் நான்கு வீடுகள் வெளிவந்தன. அப்புறம் வேலை நின்றுவிட்டது. 1913-இல் ஒரு கூட்டம் வந்து வார இறுதியில் தோண்டிக் கொஞ்சம் பொருள்களை அள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

1924-இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியையே அடித்துச் சென்றது. அந்த ஆண்டுதான் இடம் அரசுப் பராமரிப்புக்கு வந்தது. அடுத்ததாகக் கடல் தடுப்புச் சுவர் கட்டினார்கள். 1928 முதல் 1930 வரை தொல்லியலாளர் கார்டன் சைல்ட் முறையாக அகழ்ந்தார். ஊர் இரும்புக் காலத்தைச் சேர்ந்தது என்று அவர் நினைத்தார். 1936-இல் இன்னொரு தொல்லியலாளர் ஸ்டூவர்ட் பிகட் பானை ஓடுகளை ஒப்பிட்டு, இது புதிய கற்காலம் என்று காட்டினார். 1972, 73-இல் டேவிட் கிளார்க் மறுபடி அகழ்ந்தபோது எடுத்த மாதிரிகளின் வயதைச் சொல்லும் ரேடியோ கார்பன் கணிப்பு அதை உறுதி செய்தது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1972-இல் விடை கிடைத்தது வீடுகளிலிருந்து அல்ல. யாரும் கைவைக்காமல் விட்ட குப்பைமேட்டிலிருந்துதான். என்ன பயிரிட்டார்கள், எந்த மீன் பிடித்தார்கள், ஆடு மாடு எத்தனை வயதில் வெட்டப்பட்டது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்கு வீடு முக்கியம். ஆய்வுக்கு அந்த மேடுதான் ஆவணக்காப்பகம். அலை முதலில் கரைப்பதும் அதைத்தான். சுவர்க்கல் சரிந்தால் படம் எடுத்துத் திரும்ப அடுக்கிவிடலாம், கரைந்த மேட்டைத் திரும்ப அடுக்க முடியாது.

வாட் எடுத்த பொருள்களில் ஒன்று திமிங்கில எலும்பில் செதுக்கிய, உள்ளங்கையில் அடங்கும் மனித உருவம். கண்ணுக்கும் வாய்க்கும் துளை, நடுவில் தொப்புள். அது தொலைந்துவிட்டதாகவே பல காலம் நினைத்தார்கள். 2016-இல் ஸ்ட்ராம்னஸ் அருங்காட்சியகத்தின் ஒரு பெட்டியில் கிடைத்தது. தோண்டி எடுத்தால் மட்டும் போதாது, எடுத்ததைக் கணக்கில் வைக்காவிட்டால் நிலத்துக்கு மேலேயும் தொலையும்.

மூன்று அடுக்குப் பாதுகாப்பு

"பாதுகாக்கப்பட்ட இடம்" என்று செய்திகளில் ஒரே சொல்லாகச் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள்.

1. பட்டியலிடுதல். பிரிட்டனில் இதற்கான முதல் சட்டம் 1882-இல் வந்தது. ஆர்க்னியின் மேஸ்ஹவ் கல்லறையும் ஸ்டென்னஸ், பிராட்கர் கல்வட்டங்களும் அதன் முதல் பட்டியலிலேயே இருந்தன. இப்போது நடப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியலில் சேர்ந்த இடத்தில் அனுமதி இல்லாமல் இடிக்கவோ, தோண்டவோ, மேலே கட்டவோ, பழுதுபார்க்கவோ கூடாது. மீறினால் குற்ற வழக்கு. உலோகம் தேடும் கருவியோடு அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தொல்லியலாளரும் அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும். ஆனால் நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும். அவர் அதைக் கெடுக்கக் கூடாதே தவிர, தானாகக் கெடுவதைத் தடுத்துச் செலவு செய்ய வேண்டும் என்ற கடமை பட்டியலிடுவதால் மட்டும் வந்துவிடாது.

2. அரசுப் பராமரிப்பு. பட்டியலில் உள்ள ஆயிரக்கணக்கான இடங்களில் சில நூறு மட்டும் இந்த அடுக்குக்கு வருகின்றன. இங்கே அரசே செலவு செய்கிறது, ஆள் போடுகிறது. ஸ்காட்லாந்தில் இந்தப் பொறுப்பு 2015 முதல் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற பொது அமைப்பிடம் இருக்கிறது.

3. உலகப் பாரம்பரியம். 1999-இல் ஸ்காரா பிரே, மேஸ்ஹவ், இரண்டு கல்வட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்து "புதிய கற்கால ஆர்க்னியின் இதயம்" என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலிட்டது. இது கௌரவம், கூடவே சர்வதேசக் கண்காணிப்பு. பக்கத்தில் ஏதாவது கட்ட விண்ணப்பம் வந்தால் திட்ட அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆனால் யுனெஸ்கோ வந்து சுவர் கட்டித் தராது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முதலாவதும் மூன்றாவதும் மனிதர்களைத் தடுக்கும் ஏற்பாடுகள். கடலோடு மல்லுக்கட்டும் பொறுப்பு இரண்டாவதன் தலையில் மட்டும் விழுகிறது. அதற்கும் கைவசம் இருப்பது பொறியியலும் வரவுசெலவும்தான்.

கடல் ஏன் நெருங்குகிறது? சுவர் போதாதா?

பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதி மீது மிகக் கனமான பனிப்பாளம் இருந்தது. அது உருகியதும் அழுத்தம் நீங்கி நிலம் மெல்ல மேலெழுந்தது. அதனால் அங்கே கடல் உயர்ந்ததன் விளைவு ஓரளவு ஈடாகிறது. ஆர்க்னி பனிப்பாளத்தின் ஓரத்தில் இருந்தது. சுமை குறைவு, எழுச்சியும் குறைவு. ஆகவே ஆர்க்னியைப் பொறுத்தவரை கடல் மட்டம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைய புவி வெப்பமயமாதல் அதன்மேல் வேகம் கூட்டுகிறது.

தடுப்புச் சுவரை 1920-களில் கட்டியதிலிருந்து நீட்டியும் பழுதுபார்த்தும் வருகிறார்கள். அது இல்லாவிட்டால் இன்று நாம் பேச ஸ்காரா பிரே இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கெட்டியான சுவருக்கென்று சில பலவீனங்கள் உண்டு. மணல் கரையில் ஏறும் அலை பரவித் தன் வேகத்தை இழக்கும். சுவரில் மோதும் அலை திரும்பிப் போகும்போது அடியில் உள்ள மணலைப் பறித்துக்கொண்டு போகும். சுவர் முடியும் இரு முனைகளில் இன்னும் மோசம். அங்கே கரை மென்மையாக இருப்பதால் அரிப்பு சுவரைச் சுற்றிப் பின்பக்கமாக வரப் பார்க்கும். விரிகுடாவின் மற்ற பகுதிகள் பின்வாங்கிக்கொண்டே போக, ஊர் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் நிலை வரலாம். அதனால்தான் லேசர் அளவீட்டின் மூலம் கரை எவ்வளவு நகர்ந்தது என்று கவனித்து வருகிறார்கள்.

அடுத்தது அந்தக் கல். பலகையாகப் பிரியும் குணம் கட்டுபவருக்கு வசதி. வெட்டவெளியில் விட்டால் அதுவே கேடு. மழைநீரும் கடலுப்பும் அடுக்குகளுக்குள் நுழையும், உறையும்போது விரியும், கல் ஏடு ஏடாக உரியும். சில கிலோமீட்டர் தள்ளி உள்ள நெஸ் ஆஃப் பிராட்கரில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். 2003-இல் கண்டறியப்பட்ட அந்தப் பிரம்மாண்டமான கற்காலக் கட்டட வளாகத்தை வருடாவருடம் கோடையில் தோண்டினார்கள். 2024-இல் அகழ்வை முடித்துத் திரும்ப மண்ணால் மூடிவிட்டார்கள். திறந்து வைத்தால் கல் தாங்காது என்பது அதற்கு முக்கியக் காரணம்.

2019 அறிக்கை சொன்னது, சொல்லாதது

பருவநிலை மாற்றத்தால் ஒரு பாரம்பரியச் சின்னம் எவ்வளவு பாதிக்கப்படும் என்று மதிப்பிடும் முறை ஒன்றை ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். பண்பாட்டுச் சின்னம் ஒன்றுக்கு அதை முதலில் பயன்படுத்தியது ஆர்க்னியில்தான், 2019-இல். கடல் மட்ட உயர்வு, மழையின் மாற்றம், புயலின் வேகமும் எண்ணிக்கையும் ஆகிய மூன்றையும் முக்கிய அச்சுறுத்தல்களாக எடுத்துக்கொண்டு, மிக உயர்ந்த ஆபத்து வகையில் ஆர்க்னியின் இந்தப் பாரம்பரியச் சின்னத்தை வைத்தார்கள்.

இதைத்தான் "2050-க்குள் ஸ்காரா பிரே மூழ்கும்" என்ற ரீதியில் பலர் பகிர்ந்தார்கள். அறிக்கையின் கருத்து வேறு. எந்தத் தனிச்சிறப்புக்காக யுனெஸ்கோ பட்டியலிட்டதோ அந்த மதிப்பு 2050-ஐ ஒட்டிப் பெருமளவு குறையக்கூடும் என்பதே மதிப்பீடு. ஒரு வீடு இடிந்தாலும், சுவரை உயர்த்தி உயர்த்திச் சுற்றுப்புறமே மாறிப்போனாலும் அந்த மதிப்பு குறையும். நாள் குறித்து ஊர் கடலுக்குள் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

இருக்கிற வழிகள்

1. சுவரைக் காத்துக்கொண்டே இருப்பது. இப்போது நடப்பது. செலவு கூடும், முனை அரிப்பும் தொடரும்.

2. திரும்ப மூடுவது. கல்லுக்கு மிக நல்லது. ஆனால் மக்கள் பார்க்க முடியாது. ஏழாம் வீட்டைக் கூரை போட்டு மூடி, பார்வையாளர்களுக்காக அதன் முழு அளவு மாதிரி ஒன்றை வெளியே கட்டியிருக்கிறார்கள்; இந்த வழியின் சிறு வடிவம் அது. அலை மேட்டையே அடித்துப் போனால் மூடியும் பயனில்லை.

3. பெயர்த்து வேறிடம் வைப்பது. ஷெட்லண்டின் பிரெஸ்ஸே தீவில் கடல் அரித்துக்கொண்டிருந்த க்ரூஸ்டர் என்ற வெண்கலக் காலச் சின்னத்தின் கல் அமைப்பை ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து பெயர்த்து, உள்ளூர் பாரம்பரிய மையத்துக்குப் பக்கத்தில் மறுபடி அமைத்தார்கள். சிறிய அமைப்பு என்பதால் முடிந்தது. குப்பைமேட்டோடு ஒட்டிக் கட்டிய முழு ஊரைப் பெயர்த்தால் வீடுகள் வரும், மேடு வராது.

4. முழுதாகத் தோண்டிப் பதிவு செய்துவிட்டு இயற்கைக்கு விடுவது. கேட்கவே மனம் ஒப்பாத வழி. ஆனால் ஆர்க்னியில் பல இடங்களுக்கு இதுவே நடக்கிறது. ரவுசி தீவின் ஸ்வான்ட்ரோ என்ற தொல்லியல் இடத்தில் அலை தின்னத் தின்னத்தான் தோண்டினார்கள்.

ஸ்காரா பிரேவைப் பொறுத்தவரை முதல் வழியில் தொடர்வதே சரி. அதன் புகழே அதற்குப் பணம் கொண்டுவரும். என் கவலை வேறு இடங்களைப் பற்றியது.

சுவர் இல்லாத இடங்கள்

ஆர்க்னியின் கரையோரம் முழுக்கக் கற்கால, வெண்கலக் கால, இரும்புக் கால இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது, இருக்கப் போவதும் இல்லை. எந்தக் கரை எவ்வளவு அரிக்கிறது என்று உள்ளூர் மக்களையே பதிவு செய்யப் பழக்கும் வேலையை ஸ்கேப் என்ற அறக்கட்டளை செய்துவருகிறது. நடந்து பார்த்து, படம் எடுத்து, குறித்துவைக்கும் இந்தச் சாதாரண வேலைக்குச் செலவாகும் ஒவ்வொரு பவுண்டும் இன்னொரு சுவருக்குப் போவதைவிட அதிக அறிவைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வெஸ்ட்ரே தீவின் லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லண்டைப் பார்த்தால் இது புரியும். அதுவும் மணல்மேட்டுக்குள் பதுங்கியிருந்த கற்கால ஊர்தான், அதுவும் அரசுப் பராமரிப்பில் உள்ளதுதான். அங்கே எதிரி காற்று. புல்வெளி கிழிந்து மணல்மேடே பறந்துபோக ஆரம்பித்ததால், காத்திருக்க நேரமில்லாமல் அவசர அகழ்வு தொடங்கியது. 2009-இல் ஒரு சிறு மணற்கல் உருவம் கிடைத்தது. நான்கு சென்டிமீட்டர் உயரம், கீறிய இரண்டு கண்கள், புருவம். ஸ்காட்லாந்தில் இதுவரை கிடைத்ததிலேயே பழமையான மனித முகம் அதுதான். ஒரு கட்டடத்தின் சுவர் அடித்தளத்தில் மாட்டு மண்டையோடுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்ததும் தெரியவந்தது. ஸ்காரா பிரேவில் கூட இப்படி ஒன்று கிடைக்கவில்லை. அகழ்வுக் குழு சில ஆண்டு தாமதித்திருந்தால் அந்த மண்டையோடுகள் வெயிலிலும் மழையிலும் நொறுங்கியிருக்கும், அந்த ஊர் மக்கள் வீடு கட்டுவதற்கு முன் மாடுகளுக்கு என்ன மரியாதை செய்தார்கள் என்பது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.